மருமக பூசையில இருக்கு

போன வாரம் காய்கறி வண்டிக்காரரிடம் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் — "அக்கா, ஒரு சுலோகம் வேணும்."

என்னிடமா? திரும்பிப் பார்த்தால், அடுத்த தெரு செல்வி. கொட்டாம்பட்டியிலிருந்து எங்கள் விளாங்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண். நிறைமாதத்தை நெருங்கும் வயிறு.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றக்கூட யாராவது எனக்கு நினைவுபடுத்த வேண்டும். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்கே அது தெரியும். சுலோகம் கேட்க இவளுக்கு வேறு ஆளா கிடைக்கவில்லை?

ஓரமாக அழைத்துப் போய் விசாரித்தேன். குழந்தை இன்னும் திரும்பவில்லையாம். தலை மேலே, இடுப்பு கீழே. இப்படியே இருந்தால் ஆபரேஷன்தான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். அதற்குள் திரும்புகிறதா பார்க்கலாம் என்று ஏதோ பயிற்சியும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதைச் சொல்லும்போது செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதெல்லாம் எங்க வீட்டுல எப்படிக்கா செய்ய... நீங்க மகன் வயித்துல இருக்கப்ப சாமி கும்புட்டே திருப்புனீகளாம்ல. எங்க அத்தை சொன்னாக. அந்தச் சுலோகத்தைச் சொல்லுங்க, போதும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நான்கு வருடத்துக்கு முன்னால் எனக்கும் இதே கதை. இதே பயிற்சி. முட்டி போட்டு, நெற்றியும் மார்பும் தரையில் பட, பின்பக்கத்தை மேலே தூக்கிக்கொண்டு கால் மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். ஆண் வாசகர்கள் சிரிக்க வேண்டாம்... ஒருமுறை இருந்து பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

எங்களுடையது ஒரு ஹால், ஒரு சமையலறை. ஹாலில் மாமனாரின் ஈஸி சேர். அவர் என்னிடம் நேருக்கு நேர் பேச மாட்டார். எதுவானாலும் சுவரைப் பார்த்துத்தான் சொல்வார். அவர் டீக்கடைக்குப் போகும் நேரம் பார்த்துப் பாயை விரிப்பேன். ஒருநாள் சீக்கிரமே திரும்பிவிட்டார். கதவைத் திறந்தவர் எதைப் பார்த்தார் என்று நான் வேறு விளக்க வேண்டுமா? ஒரு இருமல். பிறகு செருப்புச் சத்தம் வெளியே போனது.

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். அப்பா ஒன்றும் நினைக்க மாட்டார் என்றார். ஆனால் மறுநாளிலிருந்து நான் பாயை எடுத்தாலே மாமா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். கதவையும் சாத்திவிட்டுப் போவார். வெயிலில் வேர்த்து வழியத் திரும்பி வருவார். என் முகத்தைப் பார்க்கவே மாட்டார்.

சரி, என்னைக் கண்டாலே அருவருப்பு என்று முடிவு கட்டினேன். அவமானத்தை எத்தனை நாள் சுமப்பது? கோபமாக மாற்றிக்கொண்டேன். குழந்தை திரும்பியது. சுகப்பிரசவம். பயிற்சியினாலா, தானாகவா என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. என் கோபம் மட்டும் திரும்பவில்லை. இன்றுவரை அவருடைய காபியை 'டக்'கென்று வைத்துவிட்டு நகர்கிறவள் நான்.

இந்தச் சுலோகக் கதை எங்கிருந்து வந்தது என்று செல்வியையே கேட்டேன். அவளுடைய மாமியார் அந்த நாட்களில் கறிவேப்பிலை கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். வாசலில், வெயிலில், தலையில் துண்டோடு மாமா நின்றிருக்கிறார். "மருமக பூசையில இருக்கு. நெத்தி தரையில படக் கும்புடுது. பெறகு வாங்க" என்றாராம். பால்காரருக்கும் அதே பதில். சீட்டுப் பணம் வாங்க வந்தவருக்கும் அதே பதில். தெருவுக்கே தெரிந்திருக்கிறது... எனக்கு மட்டும் தெரியவில்லை. கோயில் பிரசாதம் எல்லாம் ஏன் முதலில் என்னிடம் வருகிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. நெற்றி தரையில்தானே இருந்தது!

கையிலிருந்த கத்தரிக்காயை வண்டிக்காரர் கூடையிலேயே போட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது. அன்றைக்குக் கதவு திறந்தபோது வந்த வெட்கமெல்லாம் இதன் கால் தூசி பெறாது.

செல்வியிடம் உண்மையைச் சொன்னேன். சுலோகமும் கிடையாது, மந்திரமும் கிடையாது. டாக்டரம்மா சொன்னதைச் செய், செக்கப்புக்குத் தவறாமல் போ, திரும்பாவிட்டால் ஆபரேஷன் என்றாலும் பயப்படாதே என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு கொழுந்தனாரு, மாமா, வாரவுக போறவுக... அம்புட்டுப் பேருக்கு நடுவுல நான் எங்கிட்டுக்கா குப்புறக் கெடக்குறது?"

"எங்க வீட்டுக்கு வா" என்றேன்.

மதியம் வந்தாள். நான் பாயை விரித்தேன். ஈஸி சேரில் இருந்த மாமா அவள் வயிற்றைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். எழுந்தார். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

சுவரைப் பார்த்துச் சொன்னார். "பூசை முடிஞ்சதும் ஒரு சத்தங் குடுக்கச் சொல்லு. வாசல்லதான் நிக்கிறேன்."

ஈஸி சேரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

வாசலில் நிற்கிறவருக்கு ஒரு நாற்காலி போட எனக்கு நான்கு வருடம் ஆகியிருக்கிறது.