லா பாஸுக்குப் போன தாய்வீடு

விமானக் கதவு திறந்ததும் முதலில் மூக்கில் ஏறியது குளிர். ஈரமே இல்லாத, காய்ந்த குளிர். ஒரு மூச்சு இழுத்தேன்... உள்ளே எதுவும் போன மாதிரித் தெரியவில்லை. இன்னொன்று இழுத்தேன். அதுவும் பாதியில் நின்றது.

பொலிவியா நாட்டு லா பாஸ். விமான நிலையம் நகரத்துக்கும் மேலே, மலை மேட்டில் இருக்கிறது. இலங்கையில் கண்டிக்குப் பக்கத்துத் திகனவில் பிறந்து, திகனவில் வாழ்க்கைப்பட்டு, திகனவிலேயே துணிக்கடை நடத்துகிற நான் அதற்கு முன் போன ஒரே வெளிநாட்டுப் பயணம் மக்காவுக்கு. அதுவும் கணவரோடு.

இந்த முறை தனியாக.

மகள் சப்னா கத்தாரில் நர்ஸாக வேலை செய்தாள். அங்கே கூட வேலை செய்த டானியலை விரும்பினாள். பொலிவியாக்காரர். அவர் இஸ்லாத்துக்கு வந்து, முறையாக நிக்காஹ் முடித்து, இரண்டு பேரும் அவருடைய ஊருக்கே போய்விட்டார்கள். கணவர் மௌத்தான பிறகு எங்கள் குடும்பத்துக்குப் பெரியவர் என் நானா... என் மூத்த சகோதரர். அவர் அந்தக் கல்யாணத்தை ஏற்கவே இல்லை. "பேருக்குத்தான் அவன் முஸ்லிம்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

பிறகு சப்னா உண்டானாள். தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வரத் துடித்தாள். விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் டிக்கெட் போட்டேன். கேள்விப்பட்டதும் நானா கடைக்கே வந்தார்.

"உனக்கு பிரஷர் ஈக்கி. அந்த உசரத்தில மூச்சு நிண்டு மௌத்தானா மையத்த யாரு கொண்டு வாற?"

"நாங்களும் மலைநாட்டு ஆக்கள் தானே நானா."

"வெளையாடாத. தலப்பிரசவம் எண்டா மகள் தாய் ஊட்டுக்கு வாற. தாய் போறல்ல."

"அவளுக்கு வர ஏலாதே. அப்ப தாய் ஊடு அங்க போகும்."

"போனா என்ட ஊட்டு வாசல மிதிக்காத."

சாமான் வாங்க வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சீத்தைத் துணியை மடித்துக்கொண்டே இருந்தேன். டிக்கெட்டை மாற்றவில்லை.

மலைநாட்டுப் பெருமை எல்லாம் அந்த விமான நிலையத்தில் இறங்கியதுமே போய்விட்டது. நாலு எட்டு வைப்பதற்குள் நெஞ்சு படபடவென்று அடித்தது. யாரோ சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று கை காட்டினேன். மகள் என்னை முதலில் நிற்கிற மனுசியாகப் பார்க்க வேண்டும்.

வெளியே சப்னா, டானியல், டானியலின் உம்மா ரோசா. ரோசா உருண்டைத் தொப்பி, இரட்டைப் பின்னல், அடுக்கடுக்கான அகலப் பாவாடை. நான் அபாயாவும் பர்தாவும். ஒருவரை ஒருவர் மேலும் கீழும் பார்த்தோம். பிறகு அவர் என் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டு, "போக்கோ அ போக்கோ" என்றார்.

"மெல்ல மெல்ல எண்டு செல்றாங்க உம்மா" என்றாள் சப்னா. அழுதுகொண்டே சிரித்தாள்.

கார் இறங்க இறங்க... அல்லாஹ்வே, அப்படி ஒரு ஊரை நான் பார்த்ததில்லை. மலைகள் சுற்றி நிற்க, நடுவில் பெரிய தாச்சிச் சட்டி மாதிரிப் பள்ளம். அதன் அடியிலிருந்து விளிம்பு வரை பூசாத செங்கல் வீடுகள். தலைக்கு மேலே கம்பியில் தொங்கிப் போகும் கேபிள் கார்களில் சனம் வேலைக்குப் போகிறது. தூரத்தில் பனி மூடிய ஒரு மலை... எட்டித் தொடலாம் போல.

அன்று பின்னேரம் படுத்துவிட்டேன். தலை வெடிக்கிற வலி. உதடு நீலம் பாரித்துவிட்டது என்று சப்னா பயந்தாள். டானியல் ஆக்சிஜன் கொண்டுவந்து குழாயை மூக்கில் மாட்டினார். ரோசா ஏதோ இலை போட்ட தேநீர் தந்தார். தேயிலை ஊர்க்காரிக்கு அது புல் தண்ணீர்தான். மறு பேச்சில்லாமல் குடித்தேன்.

அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் நானா. வீடியோ கால்.

"எடுக்காதீங்க உம்மா" என்றாள் சப்னா.

குழாயைக் கழற்றினேன். பர்தாவைச் சரிசெய்து, எழுந்து உட்கார்ந்து எடுத்தேன்.

"எப்படி ஈக்கி? மூச்செடுக்க ஏலுமா?"

"நல்லா ஈக்கிறேன் நானா. இங்க பாருங்க" என்று போனை ஜன்னல் பக்கம் திருப்பினேன். மலைச்சரிவு முழுக்க விளக்கு ஏற ஆரம்பித்திருந்தது.

"சரி பாத்தாச்சி தானே. திரும்பி வா."

"புள்ளயக் கையில எடுக்காம வரமாட்டேன்."

வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் குழாயைத் திரும்ப மாட்டினேன்.

சப்னாவுக்கு வலி வந்த அன்று ரோசா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் அவருடைய பாஷையில் துஆக் கேட்டார், நான் என்னுடையதில். ஆண் பிள்ளை.

டானியல் பிள்ளையைக் கையில் ஏந்தி வலது காதில், ஒவ்வொரு முஸ்லிம் தகப்பனும் சொல்கிற பாங்கைச் சொன்னார். நடுவில் ஓரிடத்தில் நின்றார். கண்ணை மூடினார். திரும்ப எடுத்து, முழுவதும் சொல்லி முடித்தார். நான் அதை வீடியோ எடுத்து நானாவுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

நீல டிக் விழுந்தது. பார்த்துவிட்டார்.

வருடங்கள் ஓடிவிட்டன. நானா இன்னும் என்னோடு பேசுவதில்லை. என் கடையைத் தாண்டும்போது ரோட்டின் மற்றப் பக்கம் மாறிவிடுகிறார்.

முந்தியெல்லாம் பெருநாளைக்கு நாங்கள் எல்லோரும் அவர் வீட்டில்தான். மதினி பெரிய சஹனில் சோறு போட்டு வைப்பா. நாங்கள் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். நானா வந்து எட்டிப் பார்த்து, "தங்கச்சிக்கு இன்னும் கொஞ்சம் இறச்சி போடு" என்று சொல்லுவார். இப்போது பெருநாள் சோற்றைத் தனியாகச் சாப்பிடுகிறேன். வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு காலத்தில் நான் கண்டி டவுனுக்குப் போகவும் நானாவிடம் கேட்ட பொம்பிளை. இன்றைக்கு அப்படி இல்லை.

சப்னாவுக்கு இரண்டாவது பிள்ளை வரப்போகிறது. அடுத்த மாதம் போகிறேன். பிரஷர் கூடியிருக்கிறது, முழங்காலும் சரியில்லை. போகிறேன்.

இந்த முறை யாரிடமும் தனியாகச் சொல்லவில்லை. இங்கேதான் போடுகிறேன். நானாவுக்கும் பேஸ்புக் இருக்கிறது... வாசிக்கட்டும்.