வேலமுள் குத்திய கடலைப் பொட்டலம்

போன தை மாதம், ராசிபுரத்திலிருந்து சேலம் போகிற, பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ்ஸில்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது. கையில் காரச்சேவுப் பொட்டலம். கடைக்காரர் நூலைப் பத்துச் சுற்றுச் சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டிருந்தார். நகத்தால் நோண்டினேன், இழுத்தேன். நூல் அசையவில்லை, காகிதம்தான் கிழிந்தது. அத்தனை காரச்சேவும் பக்கத்தில் இருந்தவர் மடியில்!

“ஏனுங்க தம்பி, எனக்குக் குடுக்கறதுன்னா கையிலயே குடுத்திருக்கலாமுங்களே” என்றார் அவர். பஸ்ஸே சிரித்தது.

சேலம் வருவதற்குள் தீர்மானித்துவிட்டேன், பொட்டலத்துக்கு நூலே கூடாது. உலகச் சண்டையினால் நெசவுக்கே நூல் கிடைக்காமல் எங்கள் வெண்ணந்தூரில் பாதித் தறிகள் சும்மா கிடக்கின்றன. கடலைப் பொட்டலத்துக்கு எதற்கு நூல்? ஊரைச் சுற்றி வேலமரம். முள்ளை ஒடித்து, கழுவி, மடிப்பில் ஒரு குத்து. பிடுங்கினால் திறந்துகொள்ளும். எவ்வளவு சுலபம்!

தெருமுனையில் கடலை வறுத்து விற்கிற அக்காவிடம் ஒரு டப்பா முள்ளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “முள்ளா சாமி? ஆராச்சும் கடிச்சுப்புட்டா?” என்று இழுத்தார். “முள்ளை யாராவது கடிப்பாங்களாக்கா?” என்றேன். பள்ளி இறுதி வகுப்புத் தேறியவன் சொன்னதாயிற்றே, டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் என் அண்ணனும் இன்னும் நாலு பேரும் தெருவில் தறிக்கு ஏற்றப்போகிற பாவு நூலை நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். கஞ்சி உலர்வதற்குள் முடித்தாக வேண்டும். நடுவில் நிறுத்த முடியாத வேலை. என் கண்டுபிடிப்பைக் காட்டுகிற ஆசையில், அக்கா கடையில் நானே முள் குத்திய முதல் பொட்டலத்தை அண்ணனிடம் நீட்டினேன். அவர் விரலெல்லாம் கஞ்சி. கண் நூலின் மேல். பொட்டலத்தை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வாங்கினார், மடிப்பைப் பல்லால் கடித்து இழுத்தார், அதே வேகத்தில் கடலையை வாயில் சாய்த்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் எல்லோரும் பொட்டலம் பிரிப்பது அப்படித்தான். தறியில் அறுந்த இழையைப் பல்லால் நறுக்கி நறுக்கிப் பழகிய வாய், பொட்டலத்து நூலையும் அப்படியே நறுக்கும். பிறந்தது முதல் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு நாள்கூடத் தறியில் உட்காராத எனக்கு அது நினைவிலேயே வரவில்லை.

அண்ணன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பேச்சு வரவில்லை. வாயிலிருந்து ஒழுகிய எச்சில் சிவப்பாயிருந்தது. வெள்ளை வெளேரென்ற பாவின் மேல் அது சொட்டுச் சொட்டாக விழுந்தது. அப்போதும் என் புத்தி சும்மா இருந்ததா? மீன்முள் சிக்கினால் சோற்றுருண்டை விழுங்கச் சொல்வார்களே என்று வீட்டுக்குள் ஓடிச் சோற்றை உருட்டிக்கொண்டு வந்தேன். அண்ணி என் கையைத் தட்டிவிட்டார்.

“இன்னும் உள்ள தள்ளறதுக்கா? போதுங்க தம்பி உங்க யோசனை! வண்டியக் கட்டுங்க!”

ராசிபுரம் ஆஸ்பத்திரி போய்ச் சேருகிற வரைக்கும் அண்ணன் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் தலையைத் தொங்கப் போட்டிருந்தார். அண்ணி என் பக்கம் திரும்பவேயில்லை. டாக்டர் நாக்கை அழுத்திப் பிடித்து, விளக்கைக் காட்டி, நீளமான இடுக்கியால் முள்ளை வெளியே எடுத்தார். அரை விரல் நீளம். “எதையாவது விழுங்க வைத்திருந்தால் ஆழமாய் இறங்கியிருக்கும். என்னால் எடுத்திருக்க முடியாது” என்றவர், “இது எப்படி வாய்க்குள் போனது?” என்று கேட்டார்.

“நான்தான் பொட்டலத்தில் குத்தினேன்” என்றேன்.

ஊர் திரும்பியதும் கடலைக்கார அக்காவிடமிருந்து அந்த டப்பாவை வாங்கி முள்ளையெல்லாம் அடுப்பில் போட்டேன். ஐந்து நாள் கஞ்சித் தண்ணீர் குடித்துக் கிடந்த அண்ணன் முதன்முதலில் வாய் திறந்து பேசியது என்னிடம்தான். “ஏண்டா, அடுத்தாப்பல ஆணி அடிச்சுக் குடுப்பியா?” எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

யோசனையை நான் விட்டுவிடவில்லை. காகிதத்தின் வாலை அதன் மடிப்புக்குள்ளேயே செருகிவிட்டால் நூலும் வேண்டாம், முள்ளும் வேண்டாம். இப்போது செருகிப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அக்கா கடைக்கு அதைக் கொண்டுபோகுமுன், அண்ணனோடு நானும் தெருவில் இறங்கிக் கஞ்சி போடப்போகிறேன். கஞ்சி ஒட்டிய அந்தக் கையோடு, அவர்கள் பிரிக்கிற மாதிரியே பல்லால் கடித்து, முதல் பொட்டலத்தை நானே பிரித்துத் தின்னப்போகிறேன். இன்னொருவர் வாய்க்குள் போகிற பொருளில் கை வைக்கிறவன் முதலில் அவர் கையின் கஷ்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது, அந்தச் சிவப்புச் சொட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.