அக்கா வீட்டில் நான் செய்த ஜெபம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில் இது நடந்தது. பேராதனையிலிருந்து கலஹாவுக்குப் போகும் பாதையில் எங்கள் வீடு. நான் கண்டியில் ஒரு தையல் கடையில் பாடசாலைச் சீருடைகள் தைக்கிறேன். நாலு பேர் முன்னால் பேச வராது எனக்கு. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைக்கூட யாராவது முதலில் சொல்லட்டும் என்று காத்திருக்கிற ஆள் நான்.

எங்கள் சபைப் பெண்கள் சனிக்கிழமை பின்னேரங்களில் ஒவ்வொரு வீடாகக் கூடி ஜெபிப்போம். பன்னிரண்டு பதின்மூன்று பேர் வருவார்கள். பாட்டும் வேத வாசிப்பும் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் வாய்விட்டு ஜெபிக்க வேண்டும்.  முறை என் பக்கம் நெருங்கும்போது மெல்ல எழுந்து, தேநீர் போடக் குசினிக்குப் போய்விடுவேன். எல்லோரும் ஆமென் சொல்லி முடிக்கும்போது தேநீர்த் தட்டோடு வருவேன். இப்படியே பல வருடங்கள் தப்பித்துவிட்டேன்.

அந்தக் கூட்டத்தில் என்னை மிகவும் நேசித்தவர் ஒரு அக்கா. சொந்தமில்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவர், கணவரை இழந்தவர். ஒரு பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் வேலை. காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போவோம். அவருக்கு ஒரே மகன். அவன் கத்தாரில் வேலை செய்கிறான் என்றுதான் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நாள் பேராதனைச் சந்தியில் பஸ் நகராமல் நின்றபோது, ஜன்னலைப் பார்த்தபடியே அக்கா சொன்னார்.

"மகன் கத்தார்ல இல்ல புள்ள. போதைத்தூள் பழக்கம். மறுவாழ்வு நிலையத்துல விட்டிருக்கேன். ஒங்கிட்ட மட்டுந்தான் சொல்றேன். நீ வாய் தொறக்காத ஆளு."

 அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் ரெண்டு மாசத்துல வந்துருவான். வரும்போது வெளிநாட்டுல இருந்து வந்த புள்ளையா வரணும். பழைய சூட்கேஸ் ஒன்னு வாங்கி வச்சிருக்கேன். ரோட்டுல நாலு பேர் 'எப்ப வந்தீங்க தம்பி'ன்னு மரியாதையா கேட்டாங்கன்னா, அவன் மனுசனாயிருவான்."

பொய்தான். ஆனால் அந்தத் தாய்க்குத் தன் மகனை மூடி வைக்க வேறு போர்வை இருக்கவில்லை. "செத்தாலும் சொல்ல மாட்டேன் அக்கா" என்றேன்.

அடுத்த சனிக்கிழமைக் கூட்டம் அக்கா வீட்டில். வழக்கம்போல நான் எழுந்து குசினிப் பக்கம் போகப் பார்த்தேன். அக்கா என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"எப்ப பாத்தாலும் ஒன்னைய அடுப்படியில விட்டுட்டு நாங்க ஜெபிக்கிறது நல்லா இல்ல. இன்னைக்கு என் வீடு. டீய நான் ஊத்துறேன். நீ ஒக்காரு."

"அப்பாடா, இன்னைக்காவது சிஸ்டருக்குக் குரல் இருக்கான்னு பாத்துருவோம்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 

என் முறை வந்தது. கண்ணை மூடினேன். மழைக்கு நன்றி சொன்னேன். தையல் வேலைக்கு நன்றி சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் யாரோ "ஆமா ஆண்டவரே" என்று எடுத்துக்கொடுத்தார்கள். அந்த வாரம் முழுதும் என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதுவே வாயில் வந்துவிட்டது.

"ஆண்டவரே, இந்த வீட்டுப் புள்ளைய நெனச்சுக்கங்க. அந்தக் கெட்ட பழக்கத்துல இருந்து விடுதலை குடுங்க. அந்த மறுவாழ்வு நிலையத்துல அவனோட இருங்க..."

முதல் வாக்கியத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.  பிறகு ஒவ்வொருவராக விசும்பத் தொடங்கினார்கள். "ஆமா ஆண்டவரே, ஆமா ஆண்டவரே" என்ற குரல்கள் கூடக் கூட, எனக்கும் வார்த்தைகள் வந்துகொண்டே இருந்தன. வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். குசினி வாசலில் தட்டைப் பிடித்தபடி அக்கா நின்றுகொண்டிருந்தார்.

 வரிசையாக எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். நான் குடிக்கிற மாதிரியே சீனி குறைவாகப் போட்டிருந்தார். 

எல்லோரும் போன பிறகு அவர் பின்னாலேயே குசினிக்குப் போனேன். "அக்கா, நான் ஜெபந்தானே பண்ணேன். ஆண்டவர்கிட்டத்தானே சொன்னேன்" என்றேன்.

கோப்பையைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "ஆண்டவருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. நீ அவங்களுக்குத்தான் சொன்ன."

திங்கட்கிழமைக்குள் விஷயம் பாதை நெடுகப் பரவிவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் பரப்பியிருக்க மாட்டார்கள். "ஜெபிச்சுக்கங்க" என்று சொல்லிச் சொல்லியே பரப்பியிருப்பார்கள். சந்திக் கடையில் ஒருத்தி அக்காவின் முகத்துக்கு நேராகவே, "இப்ப கத்தார்ல வெயில் எப்புடி?" என்று கேட்டாளாம். அக்கா சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். காலையில் எனக்கு முந்திய பஸ்ஸில் போகத் தொடங்கினார். ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் வந்து, மறுபக்க முன்வரிசை வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார்.

எங்கள் ஆலயத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் இரசமும் கொடுக்கும் முன், அயலாரோடு சமாதானமாக இருக்கிறவர்கள் கிட்டி வாருங்கள் என்று போதகர் அழைப்பார். சின்ன வயதிலிருந்து கேட்ட அழைப்பு. அந்த மாதம் அதைக் கேட்டபோது என்னால் எழும்ப முடியவில்லை. அடுத்த மாதமும் அப்படியே. கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றேன்.

போதகரிடம் போய் அழுதேன். "நீங்க தெரியாம செஞ்சதுதானேம்மா" என்று அவர் தேற்றவில்லை. "அக்காகிட்ட முழுசா சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது. பதறிப் போய் உளறினேன், அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு ஒரு பின்னேரம் அக்காவின் மகன் வந்தான். நான் சந்திக் கடைப்பக்கம் நின்றிருந்தேன். பஸ்ஸிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையோடு இறங்கினான். கடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சட்டென்று நிறுத்தினார்கள். "எப்ப வந்தீங்க தம்பி" என்று ஒருவரும் கேட்கவில்லை. தலையைக் குனிந்தபடி ஏற்றத்தில் நடந்தான். அவன் பின்னால், அதே பஸ்ஸில் இறங்கிய அக்கா, யாரையும் பார்க்காமல், குடையை அவன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தார்.

கேட்டிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. என் வாயும் திறக்கவில்லை.

அன்றிரவு படுக்கையில் எனக்குள் மறைத்து வைத்திருந்ததை ஒருவாறு நானே பார்த்தேன். மறுநாள் வேலை முடிந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, பயத்துல வாய் தவறிருச்சுன்னுதான் இவ்வளவு நாளா நெனச்சேன். அது பொய். எல்லாரும் ஆமா ஆமான்னு சொல்லச் சொல்ல எனக்கு நல்லா இருந்துச்சு. மொதல் தடவையா நான் பேசுறத நாலு பேர் கேட்டாங்க. அதான் நிப்பாட்டல. ஒங்க புள்ளைய வச்சு நான் பெரிய ஆளானேன்."

அவர் கை நின்றது.  மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"போ புள்ள. மழை வருது" என்றார்.

அடுத்து வந்தது முதல் ஞாயிறு. போதகர் அழைத்தார். வரிசை வரிசையாக எழுந்து முன்னால் போனார்கள். நான் வழக்கம்போல வாங்கில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் யாரோ வந்து நிற்பது போலிருந்தது. நிமிர்ந்தேன். அக்கா. பீடத்தை நோக்கிப் போனவர், பாதியில் திரும்பி வந்திருந்தார். ஆலயமே பார்த்துக்கொண்டிருந்தது.

"எழும்பு" என்றார் மெதுவாக.

"முடியாது அக்கா."

"எனக்கு இன்னும் கோவம் போகல. வேணும்னு நெனச்சாலும் போக மாட்டேங்குது. ஆனா நீ இங்கன ஒக்காந்திருக்க, நான் மட்டும் போய் கை நீட்டி வாங்க முடியல. எழும்பு புள்ள."

என் கையைப் பிடித்தார். அவர் பிடி வலித்தது.  இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டோம். போதகர் அவருக்கு முதலில் கொடுத்து, பிறகு எனக்குக் கொடுத்தார். என்னால் மெல்ல முடியாமல் அழுகை வந்தது. அக்கா என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் நான் எழும்பும்வரை அவரும் எழும்பவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். மறுநாளும் அவர் முந்திய பஸ்ஸில்தான் போனார். மீண்டும் பழையபடி பேச பல மாதங்கள் பிடித்தன. மகன் இப்போது பேராதனையில் ஒரு கடையில் வேலை செய்கிறான். இடையில் ஒரு தடவை மறுபடி விழுந்தான், எழும்பினான். "உண்மை வெளியே வந்ததும் நல்லதுக்குத்தான்" என்று சிலர் என்னைத் தேற்றப் பார்த்தார்கள். அக்கா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, நானும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. இன்றும் அவர் சில விஷயங்களை என்னிடம் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியும். கேட்க எனக்கு உரிமையில்லை என்பதும் தெரியும்.

கிறிஸ்து என்னை மன்னித்தார் என்று சின்ன வயதிலிருந்து பாடி வந்திருக்கிறேன். மன்னிக்கிறவருக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று, கோபம் ஆறாமலேயே என்னைத் தேடித் திரும்பி வந்த அந்தக் கையைப் பிடித்து எழுந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.