ரெஜினா அம்மாவின் நிறம்

கருங்குழி பஸ் ஸ்டாப்பிங் எதிரே ஸ்டூடியோ வைத்திருக்கும் பார்த்திபனைக் கேட்காமல் அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் தாலி கட்டியதில்லை. சரி, கொஞ்சம் அதிகமாகத்தான் சொல்லிவிட்டேன். ஆனால் மண்டபத்துக்குப் போன் போகும் முன்னே அவனுக்குப் போன் போகும், அது நிஜம். காரணம் அவன் கேமரா இல்லை, அவன் கை. பெண்ணும் மாப்பிள்ளையும் எந்த நிறமாக இருந்தாலும் ஆல்பத்தில் ரெண்டு படி வெளுத்துத்தான் இருப்பார்கள். "மூஞ்சிய கொஞ்சம் தூக்கி வுடு பார்த்தி" என்று பெற்றவர்கள் கேட்டுக் கேட்டு, இப்போதெல்லாம் கேட்காமலே அவன் விரல் அந்த வேலையை முடித்துவிடும்.

அப்படிப்பட்ட மகராசனிடம்தான் ஹெலன் தன் ஓவியத்தைக் கொண்டுவந்தாள். படாளத்துப் பெண். சிறுசேரியில் ஒரு கம்பெனி வேலை, மிச்ச நேரமெல்லாம் ஆயில் பெயின்டிங். இந்தப் படத்தில் அவள் அம்மா ரெஜினா இருந்தாள். நாற்று நட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து, எதிரே இருப்பவரை நேராகப் பார்க்கும் ரெஜினா. மாமல்லபுரத்தில் ஓவியக்கூடம் நடத்தும் பூங்கொடி, இணையத்தில் வைக்கப்போகும் கண்காட்சிக்கு அதைக் கேட்டிருந்தாள். ஹெலனின் படம் ஒன்று வெளியாட்கள் கண்ணில் படப்போவது அதுதான் முதல் தடவை. போனில் எடுத்துப் பார்த்தாள். டியூப்லைட் வெளிச்சத்தில் பச்சை பாய்ந்து, கோணலாக வந்தது. அதனால் பார்த்திபனிடம் வந்தாள். நம்ம பக்கத்துப் பெண் ஆயிற்றே என்று அவனும் ஆசை ஆசையாக எடுத்து அன்றைக்கே அனுப்பிவிட்டான்.

அடுத்த வாரம் ஹெலன் திரும்பி வந்தாள். பெட்ஷீட்டில் சுற்றிய ஓவியமும் கூடவே வந்தது.

"அண்ணா, பூங்கொடி அக்கா என் பெயின்டிங்கையும் உங்க போட்டோவையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க. ரெண்டும் ஒரே படமான்னு கேக்கறாங்க. திங்கக்கெழமைக்குள்ள அச்சு அசலா வரலன்னா இந்தப் படத்தையே எடுத்துடுவாங்களாம்."

"இன்னா கொறச்சல்? நல்லாத்தான கீது?"

"எங்கம்மா கிட்ட காட்னேன். 'இது யாரு'ன்னு கேக்குது."

பார்த்திபன் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தான். ரெஜினாவின் புடவையைக் கட்டிக்கொண்டு, ரெஜினாவின் வரப்பில், எவளோ ஒரு வெளுத்த பொம்பளை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஓவியத்தை வைத்தால், நல்ல கறுப்பு. அதில் வெயில் பட்ட இடத்தில் ஒரு செம்பு நிறம், கன்னத்துக்குக் கீழே லேசாக நீலம். அந்தப் பெண் ராவெல்லாம் குழைத்துப் பூசியதை இவன் ஒரு இழுப்பில் துடைத்துவிட்டிருந்தான். அடப்பாவி! அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"கல்யாண ஆல்பம் மாரி பண்ணிட்டம்மா. கை பழக்கம். வேற நல்ல ஆளா பாரு. செங்கல்பட்டுல எடுப்பாங்க."

"வேற ஆளுக்கு எங்க போறது? நீங்க நல்லாத்தான் எடுக்கறீங்க. அந்தத் தூக்கி வுடறது மட்டும் வேணாண்ணா."

திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பான். இவள் நம்பி மறுபடியும் கையில் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்தைக் கூட்டாளி இனியன் தலையில் கட்டிவிட்டு, பார்த்திபன் காலையிலேயே ஸ்டூடியோவைத் திறந்தான். ஹெலனோடு ரெஜினாவும் வந்திருந்தாள். போன தடவை ஃபிளாஷ் அடித்ததில் எண்ணெய் வண்ணம் அங்கங்கே பளபளத்திருந்தது, அதனால் ஃபிளாஷை எடுத்து ஓரமாக வைத்தான். ஸ்டூடியோ சுவருக்கு ரோஸ் பெயின்ட். அந்த ரோஸ் படத்திலும் ஏறும் என்று ஓவியத்தை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனான். அங்கே வெள்ளையடித்த சுவர் நிழலில் நேராக நிறுத்தினான். கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி, ஓவியத்தின் நடுவுக்கு நேரே, ஒரு பக்கமும் சாயாமல் வைத்தான். நிறம் சரிபார்க்க ஓரத்தில் ஒரு சாம்பல் நிற அட்டை. எல்லாம் ஆன பிறகுதான் தன் மஞ்சள் சட்டையைக் குனிந்து பார்த்தான். அந்த மஞ்சளும் படத்தில் அடிக்குமே! கீழே ஓடி, சபரிமலைக்குப் போட்ட கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

"போட்டோ எடுக்க மாலை போட்டுக்கினியா நைனா?" என்று ரெஜினா சிரித்தாள்.

"ஆமாக்கா, இதுவும் விரதந்தான்" என்றான்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோதுதான் உண்மையான சோதனை வந்தது. அட்டையை வைத்து நிறத்தைச் சரிசெய்தான். அடுத்த நொடி கை தானாகப் படத்திலிருந்த முகத்தை வெளுக்கப் போய்விட்டது. சட்டென்று மவுசை விட்டு எழுந்தான். ஓவியத்தைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தி, "அக்கா, நீயே பாத்துச் சொல்லு" என்று ரெஜினாவைக் கூப்பிட்டான்.

அவள் ஓவியத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், தன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது நான்தான்" என்றாள்.

அங்கிருந்தே படத்தை மாமல்லபுரத்துக்கு அனுப்பினார்கள். டீ வந்து ஆறுவதற்குள் பூங்கொடியே போன் பண்ணிவிட்டாள். இப்போ சரி, இதைத்தான் முதல் படமாக வைக்கப்போகிறேன் என்றாள். ஹெலன் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஓவியத்தைப் பெட்ஷீட்டில் சுற்றிக் கிளம்பும்போது ரெஜினா நகரவில்லை.

"நைனா, என்னையும் ஒண்ணு எடேன். நீ எத்தினி கல்யாணத்துல 'வாக்கா வாக்கா'ன்னு கூப்ட்டுக்கீற. நான் பின்னாடி போய் நின்னுக்குவேன்."

"ஏன்க்கா?"

"வெள்ள வெளேர்னு ஆக்கிடுவ. அப்பறம் அந்தப் படத்துல என்னைய எங்க தேடறது?"

பார்த்திபன் மணப்பெண்கள் உட்காரும் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். ரெஜினா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஓவியத்தில் பார்த்த மாதிரியே நேராகப் பார்த்தாள். எடுத்ததை அவன் தொடவில்லை. அப்படியே பிரின்ட் போட்டுக் கையில் கொடுத்தான்.

நன்றி சொல்ல வேண்டியவன் அவன்தான். வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி நைனா. நான் செத்தா இத்த வெய்யுங்க."