கருப்பர் குதிரைக்குக் கொள்ளு

பொன்னழகுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. சிங்கம்புணரிக்குத் தெற்கே ரோட்டை விட்டிறங்கிக் கண்மாய்க்கரையோடு போனால் அவள் தோட்டத்து வீடு வரும். அடுப்படிக்குள் சாரைப்பாம்பு வந்தால் வாலைப் பிடித்துத் தூக்கி வேலிக்கு அங்குட்டு வீசிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சோறு போடுவாள். ஆட்டுக்குப் பேறுகாலம் பார்ப்பாள். கரண்டு ஆபீசில் போய்ச் சத்தம் போட்டு மோட்டாருக்கு லைன் வாங்கி வருவாள். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு இடத்தில்தான் குரலைத் தாழ்த்துவாள். தோட்டத்தின் மேற்கு மூலையில் இருந்த பழைய மண்சுவர்க் கொட்டகை.

அதற்குள் கருப்பர் குதிரை நிற்கிறது. அவள் வாக்கப்பட்டு வந்த புதிதில் மாமியார் சொன்னது. வியாழக்கிழமை பொழுது சாயக் கொள்ளு ஊறப்போட வேண்டும். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு அதைக் கிண்ணியில் அள்ளிக் கொட்டகைச் சுவரோரம் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். ஏன் எதற்கு என்று மாமியாருக்கும் தெரியாது. அவளுக்கு அவள் மாமியார் சொன்னது. கொட்டகைக் கதவுக்கு முன்னாலேயே வருசாவருசம் வைக்கோல் படப்பு போட்டுப் போட்டு, அங்கே கதவு இருப்பதே எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

காலையில் போய்ப் பார்த்தால் கிண்ணி காலியாக இருக்கும். ஆடிக்காற்று அடிக்கும்போது உள்ளேயிருந்து சலங்கைச் சத்தம் வரும். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அவள் வீட்டுக்காரர் கோட்டைச்சாமி மட்டும் நக்கலடிப்பார்.

"மயிலு தின்னுட்டுப் போகுதுடி. இந்தக் கண்மாய்க்கரை மயிலு பூராம் உன் கொள்ளத் தின்னுட்டுத்தான் தோகை விரிச்சு ஆடுது."

"ஆடட்டும். உங்க வாய் கோணாம இருந்தாச் சரி."

வாய் கோணவில்லை. நெஞ்சுதான் அடைத்தது. முந்தின வருசம் கடலை பறித்துக்கொண்டிருக்கும்போது மனுசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை. ஆம்புலன்சில் தூக்கிப் போட்டார்கள். பொன்னழகு வண்டியில் ஏறவில்லை. கொட்டகைப் பக்கம் ஓடினாள்.

"கருப்பா, இந்த மனுசனக் கொண்டுபோயிக் கொண்டாந்து சேத்துரு. நான் இருக்குற மட்டும் உன் குதிரை வகுறு காயாது."

அப்புறம்தான் ஓடிவந்து ஏறினாள். மதுரையில் நெஞ்சுக்குள் ஸ்பிரிங் மாதிரி ஒன்றை வைத்து அனுப்பினார்கள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை ஒரு பக்கம், கொள்ளு ஒரு பக்கம், நடுவில் தன் புருசன் உயிர் நிற்கிறது என்று பொன்னழகு முடிவுகட்டிக்கொண்டாள். காய்ச்சலில் கிடந்தாலும் வியாழக்கிழமை எழுந்து கொள்ளை ஊறப்போட்டுவிட்டுத்தான் படுப்பாள்.

இந்த வருசம் நெல்லை மிசின் அறுத்தது. வைக்கோலையும் மிசினே சுருட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டது. சுருட்டின வைக்கோலைப் படப்பு போட முடியாது, மழையிலும் விட முடியாது. கோட்டைச்சாமி மேற்கு மூலையைப் பார்த்தார்.

"அந்தக் கொட்டகையத் தொறந்து, மேல தகரத்தப் போட்டு உள்ள அடுக்கிருவோம்."

"தொறப்பீகளா? கருப்பர் எடத்த? ஒருவாட்டி நெஞ்சு வலிச்சது பத்தலையாக்கும்?"

"அப்ப நீயே கேளு. அவரு வேணாம்னா விட்டுருவோம்."

பூப்போட்டுப் பார்த்தார்கள். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் செவ்வரளியை ஒரு இலையிலும் மடித்துப் போட்டு, பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை அம்மாக்கண்ணுவை ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. வெள்ளை வந்தால் உத்தரவு. சாமியே சரி என்ற பிறகு பொன்னழகு என்ன சொல்வாள்? தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினாள்.

கதவு மக்கிப்போயிருந்தது. கடப்பாரையை வைத்ததும் சாய்ந்தது.

உள்ளே குதிரை இல்லை. கருப்பரும் இல்லை. ஒரு வண்டி நின்றது. ஆள் உயரத்துக்குச் சக்கரம், மேலே மடக்கிவைத்த தோல்கூடு, இரண்டு பக்கமும் பித்தளை விளக்கு, குதிரையைப் பூட்டுகிற நீண்ட மரம் இரண்டும் தரையில் ஊன்றியபடி. சீமைச் சாரட்டு. தோலை எலி தின்றிருந்தது. பக்கத்தில் ஒரு கல்தொட்டி. சுவரில் ஆணி, ஆணியில் தோல்வார், வாரில் வரிசையாகச் சலங்கை. கதவு விழுந்த காற்றுக்கு அது கிணுகிணுவென்றது.

கோட்டைச்சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இம்புட்டு வருசமா ஒரு ஓட்ட வண்டிக்கா கொள்ளு வச்சே? வண்டி எப்படிடி கொள்ளு திங்கும்?"

பொன்னழகு சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. அதுதான் கோட்டைச்சாமிக்குச் சங்கடமாகப் போயிற்று. ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சு பேசுகிறவள், சூடத்தட்டை எடுத்துக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த வியாழக்கிழமை அவள் கொள்ளு ஊறப்போடவில்லை. உள்ளே யாரும் இல்லையென்றால் அன்றைக்குத் தான் யாரிடம் கையேந்தினோம்? அந்த மனுசன் உயிரை யார் பொறுப்பில் விட்டுவைத்திருக்கிறோம்? ஆடுகளுக்குத் தழை போடும்போதும் இதுதான் ஓடியது. அவர் இருமினால் திரும்பிப் பார்த்தாள். மாத்திரை போட்டீகளா, மாத்திரை போட்டீகளா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மத்தியானம் ஜும்மா தொழுகை முடித்துவிட்டுக் காரைக்குடியிலிருந்து மீரான் சாகிபு வந்தார். பழைய கதவு, தூண், பீங்கான் சாமான் வாங்கி விற்கிற ஆள். கோட்டைச்சாமி போனில் படம் அனுப்பியிருந்தார். சாமான் ஏற்றக் கையோடு ஒரு குட்டியானை வண்டியையும் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"வாங்க மாமா. குதிரை வண்டியத் தூக்க யானையவே கூட்டியாந்துட்டீக."

"குதிரைக்கு எங்க போறது மாப்ள? இதுக்கே டீசல் போட்டு மாளல."

கொட்டகைக்குள் போன மீரான் சாகிபு வண்டியைச் சுற்றிவந்தார். சக்கரத்தைத் தட்டினார். விளக்கைத் துடைத்தார். சுவரில் தொங்கிய சலங்கைவாரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"மாப்ள, உங்க பாட்டையா சேவுகப்பெருமாள் அம்பலமா?"

"ஆமா. ஏன் மாமா?"

"அடி ஆத்தே, இது சிட்டு கட்டுன வாரு! எங்க வாப்பா ஓட்டுன வண்டில்ல இது."

பொன்னழகு மோர்ச்செம்போடு வாசலில் நின்றாள். "சிட்டு யாரு?"

"குதிரை தாயி. வெள்ளைக் குதிரை. எங்க வாப்பா சாகுற மட்டும் அது பேச்சுத்தான். எங்க உம்மாவுக்கே பொறாம, போ." மோரை வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார். "அம்பலத்தப் பாம்பு கடிச்சிருச்சு. அப்ப ஏது காரு? வாப்பா அவரத் தூக்கி வண்டியில போட்டுத் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டுனாக. எங்கயும் நிக்கல. சவுக்கத் தொடவே இல்லைம்பாக, அதுவா ஓடுச்சாம். அம்பலம் பொழச்சுக்கிட்டாரு. சிட்டு பொழைக்கல. ஆஸ்பத்திரி வாசல்லயே நொர தள்ளி விழுந்துருச்சு. அன்னைக்கு வெள்ளிக்கெழம."

கோட்டைச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அம்பலம் தேறி வந்தாரு. வேற குதிரைய இதுல பூட்டக் கூடாதுன்னு உள்ள தள்ளிக் கதவப் பூட்டிட்டாரு. வெள்ளிக்கெழமையானா அது திங்கிற நேரத்துக்குக் கொள்ளு கொண்டாந்து வப்பாராம். வாப்பா கேட்டதுக்கு, 'எனக்கு இது கருப்பரு குதிரைடா'ன்னாராம்."

வெளியே குட்டியானை டிரைவர் பாட்டை அணைத்தான்.

"அப்ப ஆளக் கொண்டுபோயிச் சேக்குற குதிரைதான்" என்றாள் பொன்னழகு. அவள் குரல் பழையபடி இருந்தது. "நான் சரியான ஆளுகிட்டத்தான் கேட்டிருக்கேன்."

மீரான் சாகிபு செருமினார். "தாயி, வண்டி உங்களுக்கு வேணும்னா எனக்கு வேணாம். நான் சும்மா பாத்துட்டுப் போறேன்."

"எங்களுக்கு வைக்கோல் வைக்க எடம் வேணும். வண்டியக் கொண்டு போங்க. வாரையும் நீங்களே வச்சுக்கங்க, உங்க வாப்பா கை பட்டது. கல்தொட்டி மட்டும் இங்குட்டே கெடக்கட்டும்."

"குதிரையப் பிரிச்சு வண்டிய மட்டும் அனுப்புறியாக்கும்?" என்றார் கோட்டைச்சாமி.

"குதிரை என்ன குட்டியானையிலயா ஏறிப் போகும்? போய் ஒரு கை பிடிங்க. வேணாம், நீங்க பிடிக்காதீக, டாக்டரு வெயிட்டுத் தூக்கக் கூடாதுன்னாரு. சும்மா நில்லுங்க."

வண்டி போனபோது வெயில் இறங்கிவிட்டது. பொன்னழகு கல்தொட்டியைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினாள். அப்புறம்தான் நினைப்பு வந்தது. கொள்ளு ஊறவில்லை. காய்ந்த கொள்ளை எப்படி வைப்பது? வெந்நீரிலாவது போடுவோம் என்று அடுப்படிக்குப் போய்ப் பானையை நகர்த்தினாள். பானைக்குப் பின்னால் ஒரு தூக்குவாளி. மூடியைத் திறந்தாள். வாளி நிறையக் கொள்ளு, நன்றாக ஊறி உப்பி, முளைகூட லேசாக எட்டிப் பார்த்தது.

வாசலில் கோட்டைச்சாமி வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரு ஊறப்போட்டது?"

"யாரு போட்டா என்ன?"

"வண்டி எப்படிடி கொள்ளு திங்கும்னு கேட்டீக?"

"கேட்டேன்" என்றார். கை தன்னால் நெஞ்சுக்குப் போயிற்று. "நெஞ்சு வலிச்சது எனக்குத்தானடி."

பொன்னழகு அவரை மேலும் கிண்டவில்லை. வாளியை எடுத்துப் போய்த் தொட்டியில் கொட்டிவிட்டு வெளியே வந்தாள். நாலு எட்டு வைத்தவள், இத்தனை வருசத்தில் இல்லாத வழக்கமாய்த் திரும்பிப் பார்த்தாள். கதவில்லாத வாசல் வழியாக ஒரு மயில் உள்ளே போய்த் தொட்டி விளிம்பில் ஏறி நின்றது.

"தின்னு" என்றாள். "அதுக்கும் கொஞ்சம் மிச்சம் வையி."