தூங்கியே விலை ஏற்றியவர்

முதலமடைப் பக்கம் மாந்தோப்புக் குத்தகை பேசும் தரகர்களில் பூபதிராஜாவைப் போல அழுத்தக்காரர் கிடையாது என்று பேர். அந்தப் பேரை வாங்க அவர் செய்ததெல்லாம், மாங்காய் ஏற்றிய லாரியின் மேலிருந்து தலைகுப்புற விழுந்ததுதான்.

மண்டைக்குள் கசிந்த ரத்தத்தை எடுத்துத் தையல் போட்டு அனுப்பினார்கள். ஆள் தேறிவிட்டார். தூக்கம்தான் தடம் மாறிப்போனது. ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். பகலில் உட்கார்ந்த இடத்திலேயே சொக்கிவிடுவார்.

அங்கே சில தரகர்கள் இன்னும் மாட்டுச் சந்தை வழக்கப்படி, துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். வாயைத் திறக்கக் கூடாது. வெளிச்சம் தலையைக் குத்துகிறது என்று கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்த பூபதிராஜா, துண்டுக்குள் கையை நீட்டுவார், அப்படியே தூங்கிப்போவார். எதிராளி ஒரு விலையைப் பிடிப்பார். அசைவில்லை. கூட்டிப் பிடிப்பார். அதற்கும் அசைவில்லை. வேர்த்து விறுவிறுத்து இன்னும் கூட்டுவார். தோப்புக்காரர்கள் பூபதிராஜாவைத் தேடித் தேடி வந்தார்கள்.

அவர் மனைவி அனுப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் தோப்புக்கே போய்ப் போட்டு உடைத்தாள்.

“ஏனுங்க, அவரு யோசிக்கலீங்க, தூங்கறாருங்க. மண்டையில அடிபட்டதுல வந்த சீக்குங்க இது.”

வியாபாரி சின்னையன் விழுந்து விழுந்து சிரித்தார். “கட்டுன சம்சாரத்தையே நம்ப வெச்சுப்போட்டாரு பாருங்க!”

பூபதிராஜா மறுக்கவில்லை. விழுந்ததிலிருந்து எல்லாரும் பாவம் பார்த்த மனுஷனுக்கு இந்த மரியாதை இனித்தது. தலைக்காயத்துக்குப் பிறகு இப்படி வருவதுண்டு, மருந்து சாப்பிட்டால் சரியாகலாம், அதுவரை வண்டி ஓட்டாதீர்கள் என்று டாக்டர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மகள் மௌனிகாவை ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதும் நிற்கவில்லை.

இனி சோறு பொங்க மாட்டேன் என்று அனுப்பிரியா நின்ற பிறகே வழிக்கு வந்தார். ராத்திரி மாத்திரை, விடிந்ததும் வெயிலில் நடை, பகலில் படுக்கை கிடையாது. மெல்ல மெல்ல ராத்திரித் தூக்கம் திரும்பியது. பகலில் நன்றாக விழித்திருந்தார். வினையே அங்கேதான் வந்தது. சின்னையன் துண்டுக்குள் பிடித்த முதல் விலையே நியாயமாகப் பட, உடனே தலையாட்டிவிட்டார்.

ஊரே உச்சுக் கொட்டியது. “பாவம், மண்டையில அடிபட்டவரில்லீங்களா? இப்பத்தான் கோளாறு தெரியுது.” தோப்புக்காரர்கள் வேறு தரகரைப் பார்க்கக் கிளம்பினார்கள்.

பூபதிராஜாவுக்கு அவமானம் தாங்கவில்லை. சாப்பிடும்போது மனைவியிடம் முனகினார். “மாத்தரைய நிறுத்திப்போடலாம்னு பாக்கறேன். சீசன் முடிஞ்சு மறுக்கா ஆரம்பிச்சுக்கலாம்.”

அனுப்பிரியா வாயெடுப்பதற்குள் மௌனிகா தட்டிலிருந்து நிமிர்ந்தாள். “வேண்டாம்ப்பா. இப்பத்தான் நா உங்களக் கிள்ளிக்கிட்டே வர வேண்டியதில்ல.”

“என்ன கண்ணு சொல்ற?” என்றாள் அனுப்பிரியா.

“ஸ்கூட்டர்ல அப்பா தூங்கிட்டா கிள்ளுவேன்மா. உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னாரு.”

அனுப்பிரியாவின் கையிலிருந்த சோற்றுக் கரண்டி பாத்திரத்துக்கு மேலேயே நின்றது. பூபதிராஜா எழுந்துபோய் ஸ்கூட்டர் சாவியையும் மாத்திரை அட்டையையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.