ஓவன் மேல் வைத்த கண்ணாடி

எங்கள் தேசிய ஆய்வகத்தில் இயக்குநர் முதல் காவலாளி வரை அவரைக் கண்ணாடி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தெட்டு வருடமாக எங்கள் கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவுகிறவர். பத்தாவது முடித்த கையோடு தற்காலிக வேலை என்று வந்தார். அந்தத் தற்காலிக உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். அக்கா இருக்கிறார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். விஞ்ஞானி என்ற மிடுக்கு வேறு. எங்கள் அறை தீப்பெட்டி மாதிரி, மேசையில் கை ஊன்ற இடம் கிடையாது. அக்கா கழுவித் துடைத்த கண்ணாடித் தட்டுகளை, உலர்த்தும் ஓவனின் தலையில் அடுக்கிவிடுவார்.

"அக்கா, விழுந்து உடைஞ்சா யாரு பொறுப்பு? எத்தனை தடவை சொல்றது?" என்று நாள் தவறாமல் கத்துவேன்.

"வேற எங்க வைக்கிறது மேடம், உங்க தலையிலயா?" என்று சிரிப்பார்.

அந்தத் தட்டுகளில் திரவத்தை ஊற்றிப் பரப்பித்தான், குடிநீரை வடிகட்டும் மெல்லிய சவ்வைத் தயாரித்தோம். மூன்று விஞ்ஞானிகளின் ஆறு வருட உழைப்பு. அதை வாங்க ஒரு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. அவர்கள் ஆலையில் மூன்று சோதனைக்குள் சவ்வு சரியாக வர வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் ரத்து. நாங்கள் கண் வைத்திருந்த புத்தாக்க விருதும் ஆலைக்குப் போய்ச் சேர்ந்த தொழில்நுட்பத்துக்குத்தான் என்பதால், அதுவும் கிடையாது. நாற்பது பக்கத்துக்குச் செய்முறை எழுதிக் கொடுத்து, ஒரு புள்ளி விடவில்லை என்று மார்தட்டிக்கொண்டேன்.

முதல் சோதனையில் சவ்வு முழுக்க ஊசித் துளைகள். இரண்டாவதிலும் அதே கதி.

"உங்க லேப்ல மட்டும் ஒழுங்கா வர்ற சவ்வை வச்சு நாங்க என்ன மேடம் பண்றது?" என்றார் ஆலைப் பொறியாளர். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

கடைசிச் சோதனைக்கு எங்கள் தட்டுகளையே எடுத்துப் போனேன். அக்காவையும் கூட்டிப் போனது தட்டுகளைப் பத்திரமாகச் சுமக்கத்தான். பொய் சொல்ல மாட்டேன்.

ஆலை அறை விளையாட்டு மைதானம் மாதிரி இருந்தது. ஏசிக்கு நேர் கீழே நீண்ட மேசை, பக்கத்தில் வெந்நீர்த் தொட்டி. அக்கா தட்டுகளைக் கழுவித் துடைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஓவன் எங்கங்க இருக்கு?"

"எதுக்கும்மா?" என்றார் பொறியாளர்.

"தட்டை வைக்கத்தான்."

"இவ்வளவு பெரிய மேசை காலியா கிடக்கே!"

"இதுல வச்சா சில்லுனு ஆயிடுது. பாருங்க, இப்பவே வேர்க்குது."

முதலில் வைத்த தட்டைத் தொட்டுப் பார்த்தேன். கண்ணுக்கு லேசில் தெரியாத ஈரம் விரலில் ஒட்டியது. சுரீரென்று உறைத்தது எனக்கு, இந்த ஈரம்தான் சவ்வில் துளை போட்டிருக்கிறது. ஆறு வருடமாக எங்கள் சவ்வு வெதுவெதுப்பான தட்டில் பிறந்திருக்கிறது. அந்த நாற்பது பக்கத்தில் அது மட்டும் இல்லை. நான்தான் அதைத் தப்பு என்று திட்டிக்கொண்டிருந்தேனே!

பக்கத்து அறையில் இருந்த ஓவன் மேல் அரை மணி நேரம் வைத்து எடுத்த தட்டில் ஊற்றினோம். ஒரு துளை இல்லை. பொறியாளர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கை கொடுத்தார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். திட்டிய வாயாலேயே பத்துத் தடவையாவது நன்றி சொல்லியிருப்பேன்.

"ஐயோ விடுங்க மேடம், கையெல்லாம் சோப்பு" என்றார்.

விருது விண்ணப்பத்தில் நான்காவது கண்டுபிடிப்பாளராக அக்காவின் பெயரை எழுதினேன்.

"கழுவுறவங்க பேரைப் போடுற வழக்கம் இல்லையே மேடம்" என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர்.

"ஓவன் மேல தட்டு வைக்கிற வழக்கமும்தான் இல்ல" என்று மேசையைத் தட்டினேன். என் கோபம் உருப்படியாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

விருதாக ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். மேடையில் அக்காதான் வாங்கினார். வாங்கியதும் அதில் பட்ட விரல் தடத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

மறுநாள் அறையில் அதை வைக்க இடமில்லை. அக்கா ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பழக்கதோஷத்தில் ஓவன் மேல் வைத்துவிட்டு, கத்தப்போகிறேனோ என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்கயே இருக்கட்டும் அக்கா" என்றேன். "அதுக்கு அதான் இடம்."